வலது பக்கத்து பிரேக்



போன வாரம் மூன்று நாள் என்னிடமிருந்து 'காலை வணக்கம்' வரவில்லை என்று பலர் விசாரித்திருந்தீர்கள். ஒருவர் வீட்டுக்கே போன் போட்டு, "சாருக்கு சுகர் ஏறிடுச்சாம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். சர்க்கரை வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. நான் கிராமத்தில், தம்பி வீட்டுக் களத்தில், டிராக்டருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். பழைய வண்டிக்கு பிரேக் டைட் வைத்தோம், நானும் தம்பி மகனும்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அது பாதிக்கு மேல்தான் வரும். பதிவு நீளம். இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி படியுங்கள். 1994-ஆம் வருஷம் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

அந்த வண்டி உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். சிவப்பு மாசி பெர்குசன், 35 குதிரைத்திறன். சென்னையில் டாஃபே கம்பெனி செய்தது. 1983-இல் அப்பா நிலவள வங்கியில் கடன் போட்டு வாங்கினார். வீட்டு வாசலுக்கு வந்த அன்று அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். அப்பா கடைசிவரை அதை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. மாட்டுக்குப் பின்னால் நடந்தே பழகியவன், இதன் மேல் உட்கார்ந்து போனால் மண் எப்படி இருக்கிறது என்று காலுக்கு எப்படித் தெரியும் என்பார். பக்கத்தில் நடந்தபடி உழவு பார்ப்பார். இன்று அதன் சீட்டில் மெத்தை இல்லை, உரச்சாக்கை நாலாக மடித்துப் போட்டிருக்கிறோம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் எஞ்சின் இன்றைக்கும் காலையில் ஒரே திருகில் பிடித்துக்கொள்கிறது.

தம்பி மகனுக்கு அறுவடை முடிந்ததும் இதில் டிரெய்லரை மாட்டி வைக்கோல் ஏற்ற வேண்டுமாம். பெரிய வண்டி ஒன்று இருக்கிறது, அது வாடகைக்குப் போய்விடுகிறது. "பெரியப்பா, சும்மா நிக்கிற வண்டிதானே, எடுத்துக்கவா?" என்று போனில் கேட்டான். பிரேக்கைப் பார்க்காமல் டிரெய்லரை மாட்டாதே, நான் வருகிறேன் என்றேன். அவன் சிரித்தான். வாத்தியார் வந்து டிராக்டருக்கு என்ன செய்யப் போகிறார் என்று நினைத்திருப்பான்.

கொஞ்சம் வகுப்பெடுக்கிறேன், பழக்க தோஷம். காரிலும் பஸ்ஸிலும் பிரேக்குக்கு ஒரு பெடல்தான். எங்கள் டிராக்டரில் வலது காலுக்குக் கீழே இரண்டு பெடல்கள் ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, ஒன்று வலது பின்சக்கரத்துக்கு. முன்சக்கரங்களுக்கு பிரேக்கே கிடையாது. ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்றால், வயலின் ஓரத்தில் வண்டியைத் திருப்புவதற்காக. உழவு கடைசிவரை வந்து வரப்பை முட்டும்போது ஸ்டியரிங்கை மட்டும் ஒடித்தால் வண்டி அகலமாகச் சுற்றும். அதற்கு இடம் இருக்காது. திரும்ப வேண்டிய பக்கத்துப் பெடலை மிதித்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் நின்றுவிடும், மற்றது அதைச் சுற்றி வரும். கவராயம் வைத்து வட்டம் போடுகிறோம் அல்லவா, ஊசிக் கால் ஊன்றி நிற்கும், பென்சில் கால் சுற்றும். அதேதான்.

ரோட்டுக்கு வந்துவிட்டால் இரண்டு பெடலையும் ஒரு சின்னக் கொண்டியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். அப்போதுதான் ஒரே மிதியில் இரண்டு பக்கமும் பிடிக்கும். இங்கேதான் ஒரு விஷயத்தைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். கொண்டி போட்டால் இரண்டு பெடலும் சமமாகக் கீழே போகும், அவ்வளவுதான். இரண்டு பிரேக்கும் சமமாகப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தால், நன்றாக இருக்கும் பக்கம் முதலில் பிடித்துக்கொள்ளும். பிடிக்காத சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். அப்போது நடுரோட்டில் உங்கள் வண்டி கவராயம் ஆகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்கிறது? எங்கள் வயல்கள் நீளவாக்கில் குறுகலானவை. ஒரு பக்கம் வாய்க்கால். ஆகவே பெரும்பாலும் வலது பக்கமாகத்தான் திருப்பியாக வேண்டும். ஒரு நாள் உழவில் வலது பெடலை எத்தனை முறை மிதிக்கிறோமோ, இடதில் அதில் பாதிகூட இருக்காது. அதோடு நம் டெல்டாவில் சேற்றுழவு வேறு. கேஜ் வீல் போட்டுத் தொழியில் இறங்கினால் அச்சு வரைக்கும் சேறு. தண்ணீரும் மணலும் டிரம்முக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அச்சின் முனையில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெயும் வழிந்து பிரேக் ஷூவில் இறங்கும். எண்ணெய் குடித்த ஷூ, சோப்புத் தேய்த்த கை மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டிரைவரண்ணன். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லவும் தேவையில்லை. அப்பா 1983-இல் வண்டியோடு சேர்த்து அவரையும் வேலைக்கு வைத்தார். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னை 'வாத்தியாரே' என்பார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில் எனக்கு டிராக்டர் ஓட்டப் பழக்கியதும் அவர்தான். நான் லைசென்ஸ் எடுத்தேன். ஆனால் ஓட்டுவது வேறு, வண்டியைத் தெரிந்திருப்பது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

இனி 1994.

அப்பா தவறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தம்பி சிங்கப்பூரில் இருந்தான். நிலத்துக் கணக்கு என் கையில். பள்ளிச் சம்பளம், நிலத்து வரவு, தங்கையின் கல்யாணக் கடன் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டிக்குள். டிரைவரண்ணன் ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் வந்து, "வலப்பக்கம் பிரேக்கு கொறைஞ்சிக்கிட்டே வருது வாத்தியாரே. எண்ணெ எறங்குது. சீலு மாத்தணும், ஷூவும் ஒரு செட்டு வேணும்" என்றார். சம்பளம் வரட்டும் அண்ணே என்றேன். சம்பளம் வந்தது. அது வேறொன்றுக்குப் போனது. பத்து நாள் கழித்து மறுபடி சொன்னார். ஷூவைக் கழற்றி பெட்ரோலில் கழுவி நெருப்பில் காட்டி மாட்டினால் ஆகாதா என்று கேட்டேன். எங்கேயோ யாரோ செய்து பார்த்திருந்தேன். "நாலு நாளைக்கு ஆவும். அஞ்சாம் நாளு?" என்றார். மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை. வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் மன்னார்குடிக்குப் போனார். போகும்போது வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க வேணாம். வலப்பக்கம் சுத்தமா இல்ல."

அன்றுதான் வட்டார விளையாட்டுப் போட்டி. நம் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. அந்த வேலையும் என்னிடம்தான் இருந்தது. போட்டி நடந்த உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர். எட்டு மணி பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பஸ் வரவில்லை. எட்டரை வரை நின்றோம். பத்தொன்பது பிள்ளைகள், வெள்ளைச் சட்டை, சிலர் காலில் புதிதாக வாங்கிய கேன்வாஸ் ஷூ. ஒன்பதரைக்கு வருகைப் பதிவு முடிந்துவிடும். ஆறு மாதமாக விடியற்காலையில் ஆற்று மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள். ஒரு சிறுமி அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் டிராக்டரை எடுத்தேன். டிரெய்லரை மாட்டினேன். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு கல்யாணக் கூட்டம் அப்படிப் போவதும் தெரியும். வலப்பக்கம் சுத்தமாக இல்லை என்பதும் தெரியும். மெதுவாகப் போனால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாமணியாற்றுக் கரை ரோடு உங்களுக்குத் தெரியும். இப்போது தார் போட்டு அகலமாக்கியிருக்கிறார்கள். அப்போது கப்பி ரோடு, ஒரு வண்டி போனால் எதிரே வருபவர் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இடது கைப்பக்கம் ஆறு. அந்த வருஷம் தண்ணீருக்குக் குறைவில்லை, கரையை உரசிக்கொண்டு போனது. பிள்ளைகள் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் ஒன்றும் ஆகவில்லை. சட்ரஸ் தாண்டி ஒரு இறக்கம் வரும். அதில் இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவது முதுகில் தெரிந்தது.

அங்கே நான் இரண்டு தப்புச் செய்தேன். கொஞ்சம் வேகம் கூடியதும் பயத்தில் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். இறக்கத்தில் கிளட்சைத் தொடவே கூடாது. கியரில் இருக்கிற வரைக்கும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்த நொடியில் அந்தப் பிடியும் போய்விட்டது. மிச்சமிருந்தது பிரேக் மட்டும். அதிலும் இடது மட்டும். கொண்டி பூட்டித்தான் இருந்தது, ஒன்றும் பிரயோஜனமில்லை. இடது சக்கரம் பிடித்து நின்றது, வலது சக்கரம் உருண்டது, பின்னால் பத்தொன்பது பிள்ளைகளின் பாரம் தள்ளியது. வண்டி இடது பக்கம், ஆற்றைப் பார்த்துத் திரும்பியது. ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுதாக ஒடித்தேன். முன்சக்கரம் திரும்பிய நிலையிலேயே வழுக்கிக்கொண்டு போனது.

கரைச் சரிவில் ஒரு பூவரச மரம் நின்றது. வண்டியின் முன்பக்கம் அதில் போய் மோதி நின்றது. இடது முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மரம் நாலடி தள்ளி இருந்திருந்தால்... அதை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. பாட்டு நின்று ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஒருவன் கேட்டான்: "என்ன சார் ஆச்சு?"

"ஆட்டுக்குட்டி குறுக்கே வந்துடுச்சுடா."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டி எதுவும் வரவில்லை. நீங்கள் எல்லோரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள், அதனால் நம்பினீர்கள். இரண்டு பேர் கோரைக்குள் இறங்கி ஆட்டுக்குட்டிக்கு அடிபட்டிருக்கிறதா என்று தேடினீர்கள். ஓடிப்போயிருக்கும், வாங்கடா என்று நான் கூப்பிட்டேன். அந்தத் தேடல்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. மரத்தில் மோதியதைக்கூட விபத்து என்று சொல்லிவிடலாம். இல்லாத ஆட்டுக்குட்டியைப் பிள்ளைகளைத் தேடவிட்டேன்.

மிச்ச இரண்டு கிலோமீட்டர் நடந்து போனோம். கடைசி நிமிஷத்தில் பதிவு செய்தோம். 200 மீட்டரில் நம் பள்ளிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஓடியது டிரைவரண்ணன் மகள்.

ஆமாம், அவளும் அந்த டிரெய்லரில் இருந்தாள்.

சாயங்காலம் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்தார்கள். நான் முதல் கியரில் நடை வேகத்தில் ஓட்டி வந்தேன். களத்தில் டிரைவரண்ணன் நின்றார். கையில் காகிதத்தில் சுற்றிய ஆயில் சீலும் ஷூவும். முன்பக்கம் நசுங்கியிருப்பதைப் பார்த்தார். ரேடியேட்டர் கிரில்லில் சிக்கியிருந்த பூவரசம் பட்டையைப் பிய்த்து எடுத்துப் பார்த்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:

"எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

"இடது பக்கம்" என்றேன்.

"ம்" என்றார். ஆட்டுக்குட்டிக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவர் காதுக்கும் வந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கை விரித்தார். "டார்ச்சப் புடிங்க" என்றார்.

அன்று ராத்திரி பத்து மணி வரை நான் டார்ச் பிடித்தேன். அதுதான் என் படிப்பு. முதலில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்தார். செங்கல் வைக்கப் போனேன், தட்டிவிட்டார், செங்கல் உடையும். கியரை நியூட்ரலில் போட்டு, அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் பனந்துண்டை அண்டக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைக் கழற்றி, சீலையும் ஷூவையும் மாற்றினார். டிரம்முக்குள் இருந்த தூசியை வாயால் ஊதினார். இப்போது யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அன்று அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எல்லாம் மாட்டிய பிறகு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "நீங்க வைங்க."

டிரம் பக்கத்தில் மூடி போட்ட சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். அதற்குள் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு பல் சக்கரம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப நெம்ப 'டிக்' 'டிக்' என்று ஒவ்வொரு பல்லாக நகரும். ஒவ்வொரு பல்லுக்கும் ஷூ கொஞ்சம் விரிந்து டிரம்மை நெருங்கும். சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாமல் போகும் வரை நெம்ப வேண்டும். பிறகு பின்னால் தளர்த்திக்கொண்டே வந்து, சக்கரம் தடையில்லாமல் சுற்ற ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். லேசாக ஒரு உரசல் கேட்டால் பரவாயில்லை. இழுத்துப் பிடிக்கக் கூடாது, சூடாகி லைனிங் கருகிவிடும். இந்தப் பக்கம் எத்தனை பல் என்று எண்ணி அந்தப் பக்கமும் அதே எண்ணிக்கை வைத்துவிடலாமா என்று கேட்டேன். வாத்தியார் மூளை. "ரெண்டு பக்கமும் ஒரே மாரியா தேஞ்சிருக்கு, கணக்குப் போட? ஒவ்வொண்ணையும் அதது சொல்றதக் கேட்டு வைங்க" என்றார்.

கடைசியில் பெடல்களைத் தனித்தனியாக மிதித்து, இரண்டும் ஒரே உயரத்தில் கெட்டியாகிறதா என்று பார்த்தார். அதோடும் விடவில்லை. மறுநாள் விடிந்ததும் களத்துக்கு வெளியே புழுதியில், டிரெய்லர் இல்லாமல், கொண்டி போட்டு ஓட்டச் சொல்லி பிரேக் அடிக்கச் சொன்னார். இறங்கி வந்து பின்சக்கரம் இழுத்த தடத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டு தடமும் ஒரே நீளம் இருந்தால்தான் பிரேக் சரி. இடது தடம் ஒரு முழம் அதிகமாக இருந்தது. இடதை ஒரு பல் தளர்த்தினோம். மறுபடி ஓட்டினோம். மூன்றாம் முறை இரண்டும் சமமாக வந்தன, நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவில்லை. வேலையை விட்டும் போகவில்லை. அதற்கப்புறம் பதினேழு வருஷம் அந்த வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு வருஷமும் சேற்றுழவு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுவிடுவார். "வாத்தியாரே, பிரேக்கு வைக்கணும், வாங்க." அவருக்கு என் உதவி தேவையே இல்லை. நான் போவேன். அவர் கால் மாட்டில் உட்கார்ந்து பீடி பிடிப்பார், நான் நெம்புவேன். 2011-இல் அவர் தவறிய பிறகு வண்டியும் ஓரமாக நின்றுவிட்டது.

இந்தப் பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஒருவர் மைக்கில் பேசும்போது, சார் ஒரு ஆட்டுக்குட்டி உயிரையும் எங்கள் பத்தொன்பது பேர் உயிரையும் ஒரே நேரத்தில் காப்பாற்றியவர் என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் டிரைவரண்ணன் மகள் தன் மகனோடு உட்கார்ந்து கை தட்டினாள். சாப்பாட்டின்போது என்னிடம் வந்து, "எங்கப்பாகிட்ட பிரேக்கு வைக்கக் கத்துக்கிட்ட ஒரே வாத்தியார் நீங்கதான் சார். பெருமையாச் சொல்லுவார்" என்றாள். எனக்கு இலையில் இருந்த பாயசம் இறங்கவில்லை.

பொன்னாடை பீரோவில் இருக்கிறது. அன்றிலிருந்து அதை வெளியே எடுக்கவில்லை.

போன வாரம் தம்பி மகனோடு அதே களத்தில் அதே மாதிரி எல்லாம் செய்தேன். எனக்கு முட்டி மடக்க முடியவில்லை, அவன்தான் பாதி வேலை பார்த்தான். நல்ல காலம், சீல் ஒழுகவில்லை. ஷூவில் இன்னும் கனம் இருந்தது. நின்ற வண்டி என்பதால் பல் சக்கரம் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் நெம்பினோம். முதல் ஓட்டத்தில் வலது தடம் குறைவு. அவன், "ஒரு சாண்தானே பெரியப்பா, வைக்கோல்தானே ஏத்தப் போறோம்" என்றான். நான் மறுபடி ஜாக்கியைக் கொடுக்கச் சொன்னேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டான். அவனுக்குத்தான் முதலில் சொன்னேன், ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

அன்று ராத்திரியே டிரைவரண்ணன் மகளுக்கும் போன் செய்தேன். எல்லோருக்கும் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. முழுதாகச் சொன்னேன், பணம் கொடுக்காமல் இழுத்தது, எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னது, நான் எடுத்தது, ஆட்டுக்குட்டி. அவள் வெகுநேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கு ராத்திரி அப்பா ரொம்ப லேட்டா வந்தார் சார். கையெல்லாம் கிரீஸு. நான் தூங்குறேன்னு நெனச்சு என் கையி காலெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தார். பரிசு வாங்குனதுக்காகன்னு நெனச்சேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுங்க சார், அப்பா பேரு மட்டும் வேணாம் என்றாள். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அந்த டிரெய்லரில் வந்த மற்ற பதினெட்டுப் பேரில் பாதிப் பேராவது இதைப் படிப்பீர்கள். என்னைக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கமெண்டில் 'பரவாயில்லை சார்' என்று மட்டும் போட வேண்டாம். உதடு கிழிந்தவன் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் நேரில் வந்து சொல்கிறேன்.

தம்பி மகன் நேற்று வைக்கோல் ஏற்றிவிட்டான். கரை ரோட்டில் சட்ரஸ் இறக்கத்தில் கியரை மாற்றாமல், கிளட்சைத் தொடாமல் இறங்கினானாம். வண்டி நேராக நின்றது என்று போனில் சொன்னான். பூவரச மரத்தைக் கேட்டேன். ரோட்டை அகலமாக்கும்போது வெட்டிவிட்டார்களாம், எனக்குத் தெரியாது.